பச்சைத் தண்ணீர்க் குவளை

கனகமணி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சாயப்பட்டறையில் கருநீலச் சாயம் ஓட்டிக்கொண்டிருந்தேன். "மாஸ்டர், நம்ம லேப் அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாமா" என்று ஓனர் போனில் அழுதார். பாதியில் மெஷினை நிறுத்தினால் துணி திட்டுத்திட்டாகிவிடும். ஓட்டி முடித்துவிட்டுத்தான் அக்காவின் ஊரான கணியூருக்குக் கிளம்பினேன். அக்கா இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

துக்க வீட்டில் ஒருவர் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பாவமுங்க, தண்ணியில தீ எடுக்கறேன்னு கடைசி வரைக்கும் ஏமாந்துட்டே இருந்துச்சு அந்தம்மா" என்றார். இழவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இதை எழுதும்போது அந்த அவசியம் இல்லை. அக்காவை அறிந்த எல்லோருக்கும் சொல்கிறேன்: அவர் ஏமாறவில்லை. ஏமாற மறுத்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் பட்டறையின் பாய்லர் விறகில் ஓடுகிறது. விறகு லாரி உள்ளே வரும்போதெல்லாம் அக்கா, சாயம் சோதிக்கும் லேபின் ஜன்னலில் வந்து நிற்பார். "தோப்புத் தோப்பாக் கொண்டாந்து அடுப்புல போடறோமுங்க மாஸ்டர். வேற வழியே இல்லீங்களா?" என்பார். வேதியியலில் முதுகலை படித்தவர். சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவு சாதாரணத் தண்ணீர்ப் பாத்திரத்திலும் நடக்கலாம், அதிலிருந்து வெப்பம் எடுக்கலாம் என்று சிலர் சொன்னதையும், பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஒதுக்கிவிட்டதையும் படித்திருந்தார். "அவிக ஒதுக்குனது சரியாக்கூட இருக்கும். நானும் ஒருக்கா பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்பது அவர் கட்சி.

பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லேபில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் சாயத்துக்குப் போடும் சோடா ஆஷ் கரைத்த தண்ணீர், வெல்டிங் கடையில் வாங்கிய டங்ஸ்டன் கம்பி. மின்சாரத்தைக் கூட்டக் கூட்டத் தண்ணீர் கொதித்து, திடீரென்று கம்பியின் நுனி தண்ணீருக்குள்ளேயே ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. நான் தூத்துக்குடிக்காரன், கடலைப் பார்த்தவன். ஆனாலும் தண்ணீருக்குள் நெருப்பைப் பார்த்ததும் கதவோரம் போய்விட்டேன். "அக்கா, வெடிச்சிராதுல்லா?" என்று கேட்டேன். "வெடிச்சா ரெண்டு பேரும் சேந்தே போலாமுங்க, வாங்க" என்று சிரித்தார்.

சில மாதங்களில் கணக்கு தலைகீழாக வந்தது. ஆவியான தண்ணீரை அளந்து கணக்குப் போட்டால், உள்ளே கொடுத்த மின்சாரத்தைவிட வெளியே வந்த வெப்பம் அதிகம். திரும்பத் திரும்ப அப்படியே வந்தது. ஓனருக்குத் தலைகால் புரியவில்லை. விறகுக்கு விடிவு வந்துவிட்டது என்று, வெள்ளகோவில் வரைக்கும் உள்ள பட்டறை முதலாளிகளை லேபுக்கு அழைத்துவிட்டார்.

அவர்கள் வந்து இறங்கிய காலையில், ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அக்கா, குடுவையில் ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பக் குவளையைத் தூக்கியவர், அப்படியே நின்றுவிட்டார். குவளையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சாயப்பட்டறையில் யாரும் ஓடும் சாயத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்ற மாட்டோம், நிறம் கெட்டுவிடும். பாய்லர் குழாயில் சுடுதண்ணீர் பிடித்து ஊற்றித்தான் எங்களுக்குப் பழக்கம். அக்காவின் கையும் அதையே செய்திருக்கிறது. ஆவியான தண்ணீரெல்லாம் பச்சைத் தண்ணீராக ஊற்றியது என்று வைத்தல்லவா கணக்குப் போட்டிருந்தார்! அணுவிலிருந்து வந்ததாக நினைத்த வெப்பம் எங்கள் விறகு அடுப்பிலிருந்து வந்தது.

"இன்னைக்கு மட்டும் வாயத் தொறக்காதீங்க அக்கா, என் மானம் போயிரும்" என்று ஓனர் கெஞ்சினார். அக்கா நேராக வந்தவர்கள் முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அவர்கள் கண்ணெதிரே பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினார். கூடுதல் வெப்பம் துளியும் இல்லை. சிரிப்பு தெருவரை கேட்டது.

"அப்ப இதோட மூட்டை கட்டிரலாமுங்களே?" என்றார் ஒருவர்.

"தப்பு என் கையிலீங்க. தண்ணி மேல எதுக்குங்க பழி போடறீங்க?" என்றார் அக்கா.

அடுத்த ஞாயிறும் வந்தார். ஒரு எவர்சில்வர் குவளைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, இதில் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கணக்கு அவருக்குச் சாதகமாக வரவில்லை. "இன்னைக்கும் இல்லீங்க மாஸ்டர்" என்று, மழை வரவில்லை என்பதைப் போலச் சொல்லிவிட்டுக் குடுவையைக் கழுவி வைப்பார். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். அவருக்கு வந்ததில்லை.

நாற்காலிக்காரரே, கேளுங்கள். ஊரே கும்பிடத் தயாராக நின்றபோது, "நான் சொன்னது பொய்" என்று தன் வாயாலேயே சொல்ல உங்களால் முடியுமா? சொல்லிவிட்டு மறுபடி அதே மேசைக்கு வர முடியுமா? என்னால் முடியாது. அக்கா வந்தார்.

அவர் வீட்டார் என்ன வேண்டுமென்று கேட்டார்கள். சிவப்புக் குவளையை மட்டும் வாங்கிக்கொண்டேன். வரும் ஞாயிறு லேப் திறந்திருக்கும். சிரிக்க வேண்டியவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் உள்ளே வந்ததும் முதலில் குவளைக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் சில்லென்று இருக்கும்.