மூலையில் போட்ட சைவ மேசை

எங்கள் தேவாலயம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்து மண்டபத்தில் வேதபாடம். அதன்பின் ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து சாப்பாடு. பாடத்தை முறைவைத்து ஒவ்வொருவராகச் சொல்வோம். என் முறை வந்தபோது போதகர் தந்த தலைப்பு, யூதர்களுக்குள் தொடங்கிய விசுவாசம் மற்றச் சனங்களிடம் எப்படிப் போனது என்பது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்தக் கிழமை முழுக்க வேதப்புத்தகமும் கையுமாகத் திரிந்தேன். போதாததற்கு மகள் வந்து சொன்னாள்.

"அப்பா, சண்டே அவற்ற அம்மாவும் வாறா."

அவர் என்றால் அவள் கலியாணம் செய்யப்போகும் பெடியன். சைவக் குடும்பம். அவனுக்கு அன்று பிறம்ரனில் வேலை, ஆகவே தாயார் மட்டும் வருகிறார். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத மனுசி. தேவாலயம் ஒன்றுக்குள் கால்வைப்பதே அவருக்கு அதுதான் முதல்தடவை. அவர் மனம் நோகாமல் திரும்பிப்போனால்தான் நாளைக்கு என் பிள்ளை அந்த வீட்டில் நிம்மதியாக இருப்பாள் என்று எனக்குள் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. விழுந்தால் எழும்பாது. என் குணம் அப்படி.

என் பயமெல்லாம் கரண்டியில் போய் நின்றது. ஆட்டிறைச்சிக் கறியைக் கிளறிய கையோடு எங்கள் ஆட்கள் கத்தரிக்காயையும் கிளறுவார்கள். அதனால் ஞாயிறு விடியவே போய், மண்டபக் கதவுக்குப் பக்கத்து மூலையில், கோட் மாட்டும் கம்பிக்குக் கிட்ட, ஒரு சின்ன மேசை போட்டேன். வெள்ளை விரிப்பு, புதுக் கரண்டிகள், ஒரு கதிரை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் அதில்.

மனைவி வந்து பார்த்தாள். "இஞ்சருங்கோ, உதென்ன? ஆருக்கும் அம்மை போட்டிருக்கோ?"

"நீர் சும்மா இரும். இது மரியாதை."

பாடம் தொடங்கியது. எழுதிவைத்த தாளைப் பார்த்துச் சொன்னேன். முதலில் விசுவாசித்தவர்கள் எல்லாரும் யூதர்கள். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குக் கடும் முறைகள். வேறு சனத்தோடு பந்தியில் இருக்கமாட்டார்கள். ஒருநாள் மத்தியானம், மீன்பிடிகாரராயிருந்த மூத்த சீடர் பசியோடு மொட்டைமாடியில் ஜெபம் செய்யும்போது, வானத்திலிருந்து பெரிய துப்பட்டி ஒன்று இறங்கி வந்தது. அதற்குள் அவர் வாயில் வைக்காத உயிர்களெல்லாம். கொன்று சாப்பிடச் சொல்லி ஒரு குரல்.

"ஐயோ பாவம், அந்த மனுசன்!" என்றது ஒரு சத்தம். பின்வரிசையில் பெடியனின் தாயார், எங்கள் சம்பந்தியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் தாளை விட்டு நிமிர்ந்தேன்.

கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்றது அந்தக் குரல். அந்தத் தரிசனத்தால்தான் அவர் ரோமப் படை அதிகாரி ஒருவரின் வீட்டுக்குள் துணிந்து போனார் என்றேன். பிறகு அந்தியோக்கியாப் பட்டணத்தில் யூதரும் மற்றவர்களும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். அவரும்தான். எருசலேமிலிருந்து முறைகளில் கடுமையான சிலர் வந்திறங்கியதும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து அந்தப் பந்தியை விட்டு மெல்ல விலகிவிட்டார்.

"எனக்கு அவரை நல்லா விளங்கும்," என்றேன். "நானும் ஆக்கள் என்ன நினைப்பினமோ எண்டுதான் நித்திரை கொள்ளுறேல்லை."

"பிறகு?" என்றார் சம்பந்தியம்மா.

"பிறகு, கூடாரம் செய்யிற இன்னொரு ஊழியக்காரர் எல்லாருக்கும் முன்னால அவரை நேர கேட்டார், உதென்ன தனிப்பந்தி எண்டு..."

என் கண் மூலையில் நான் போட்ட மேசைக்குப் போனது. சம்பந்தியம்மாவின் கண்ணும் போனது.

"அண்ணை, அப்ப அந்த ஒற்றைக் கதிரை ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்," என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கமுடியாமல். "இவர் விடிய வந்து போட்டவர்." மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சம்பந்தியம்மா எழும்பி நேரே அங்கே போனார். போச்சு, தன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அங்கால பிடியுங்கோ அண்ணை, எல்லாரும் இருக்கிற மேசைக்குக் கொண்டுபோவம். என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?"

"இல்லை, அங்க மச்சம்..."

"கரண்டி வேறயா இருந்தாப் போதும். கதை கேக்க வந்த மனுசியைக் கதவடியில இருத்துவியளே?"

இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் நீள மேசையோடு சேர்த்தோம். போதகர் மிச்சத்தையும் சொல்லச் சொன்னார். மூச்சு வாங்கியபடியே சொன்னேன். இந்த வழக்கை மூத்தவர்கள் எருசலேமிலும் கூடிப் பேசினார்கள். யூதராக மாறித்தான் உள்ளே வரவேண்டும் என்றில்லை, சாப்பாட்டில் சிலதை மட்டும் வருகிறவர்கள் தவிர்க்கட்டும் என்று தீர்த்தார்கள்.

"அதுதானே," என்று சொல்லிக்கொண்டே சம்பந்தியம்மா சோற்றைத் திறந்தார்.

அவருக்கு ஒரு பக்கம் மகள். மறுபக்கம் ஆட்டிறைச்சியோடு என் மனைவி. நான் பந்தியில் இருக்கவில்லை, கத்தரிக்காய்க் கரண்டிக்குக் காவல் நின்றேன்.

போகும்போது அவர் தான் கொண்டுவந்த பாயாசச் சட்டியை மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பார்க்கிங் வரை ஓடினேன்.

"இப்ப வேண்டாம் அண்ணை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவாங்கோ. மூண்டு பேரும் வாங்கோ."

சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதற்குள் என்ன வைத்துக் கொண்டுபோவது, எங்கள் வீட்டுக் கரண்டியால் அள்ளலாமா என்று காருக்குள்ளேயே தொடங்கிவிட்டேன். மகள் பின் சீற்றில் இருந்து, "அப்பா, சில் பண்ணுங்கோ," என்றாள். சட்டி அவள் மடியில் இருந்தது.