கீழ் வீட்டு எத்யூத்

பியானோ வாசிக்கிற பெண்ணுக்கு வாடகை வீடு கிடைப்பது வரன் கிடைப்பதைவிடக் கஷ்டம். இரண்டையும் தேடிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வரன் தேடுவதையாவது பாதியில் விட்டுவிட முடிந்தது.

முதலில் நெல்லித்தோப்பில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் தூங்கவேண்டும், நான் வாசிக்கவேண்டும். வீட்டுக்காரர் தூக்கத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார். அடுத்து ரெட்டியார்பாளையம். அங்கே எதிர் வீட்டுப் பெண் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பொதுத் தேர்வு வந்தது, நான் போனேன். அவள் நல்ல மார்க் வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதில் என் தியாகமும் கொஞ்சம் உண்டு. ஆனால் யாரும் சாக்லேட் கொண்டுவந்து நீட்டவில்லை.

முத்தியால்பேட்டை வீட்டை நான் பிடித்தது பக்கத்தில் இருந்த லேத் பட்டறைக்காக. வீடு பார்க்கப் போன அன்று அங்கே இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். புரோக்கர் வாயசைத்தது தெரிந்தது, பேசியது கேட்கவில்லை. இதுதான் என் வீடு என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இந்த இரைச்சலில் என் இரைச்சல் யாருக்குக் கேட்கப்போகிறது?

ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். பட்டறைக்குக் கரண்ட் வேண்டும். பியானோவுக்கு வேண்டாம். கரண்ட் போனால் பட்டறை நிற்கும், ஃபேன் நிற்கும், மாடியில் சீரியல் நிற்கும். தெருவே வாயை மூடிக்கொள்ள, என் வலது கை மட்டும் தன்னந்தனியாகக் கேட்கும்.

மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. என்னை எப்போதும் ‘மதாம்’ என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதை ஒரு துளி குறையாமல் திட்டவும் அவரால் முடியும். அந்த அம்மா பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு மதாமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ‘ஏம்மா’ என்று ஆரம்பித்தால் விஷயம் நேராக வந்து விழும்.

குடிபோன முதல் வாரமே வீட்டுக்காரர் ஒரு பிளம்பரோடு வந்து கதவைத் தட்டினார்.

“மதாம், உங்க வீட்ல எங்கியோ குழா ஒழுவுது. காலைலேர்ந்து டொக்கு டொக்குனு சொட்டிக்கினே இருக்குது. தண்ணி வீணாப் போவுதுல்ல?”

மூவரும் எல்லாக் குழாய்களையும் பார்த்தோம். ஒன்றும் சொட்டவில்லை. ஆனால் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசியில் பியானோ மேல் இருந்த மெட்ரோனோமைக் காட்டினேன். வாசிக்கும்போது வேகம் கூடாமல் குறையாமல் இருக்கத் தாளம் தட்டிக் கொடுக்கும் சின்னக் கருவி அது.

“இத நிறுத்த முடியாதுங்களா?” என்று கேட்டார் பிளம்பர்.

“நிறுத்தலாம். நிறுத்தினா என் கை ஓடிப்போயிடும்.”

அவர் என் கையைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு வந்ததற்குச் சமையலறைக் குழாயில் ஒரு வாஷரை மாற்றிவிட்டுப் போய்விட்டார்.

நான் அப்போது ஒரு எத்யூத்துடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு கஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பவர் தலையில் கட்டும் சின்ன உருப்படிக்கு எத்யூத் என்று பெயர். என்னிடம் மாட்டியதில், அல்லது நான் மாட்டியதில், வலது கை ஒரே சமயத்தில் இரண்டிரண்டு கட்டைகளை அழுத்திக்கொண்டே தலைதெறிக்க ஓடவேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும்தான் அதிகம் உழைக்கவேண்டும். மோதிர விரல் பிறவிச் சோம்பேறி. நம்பாதவர்கள் உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாது. அந்த விரலை வைத்துக்கொண்டு நான் மின்னல் வேகத்தில் ஓடவேண்டும். கூடவே கடல் காற்று வேறு. மழைக்காலத்தில் பியானோக் கட்டைகள் ஊறிப்போய், அழுத்தினால் கீழே போகும், மேலே வர யோசிக்கும்.

முறையான வேகத்தில் வாசித்தால் முழு எத்யூத்தும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதற்குத் தயாராக மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் யாரும் அதை எத்யூத்தாக வாசிப்பதில்லை. வலது கை தனியாக, நத்தை வேகத்தில். பிறகு நொண்டி நடையில். பிறகு கடைசி வரியை மட்டும். அது படிந்ததும் அதற்கு முந்தைய வரியிலிருந்து. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவது என் வழக்கம். வாசிக்க வாசிக்க நன்றாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் போகிறோம் என்ற தைரியம் இருக்கும்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் கை மேலேயிருந்து சரிந்து இறங்கும் ஓரிடம் உண்டு. அங்கே சுண்டு விரல் தவறாமல் தவறும். நான் நிறுத்துவேன். “ச்சே!” என்பேன். மறுபடியும் வரியின் தொடக்கத்துக்குப் போவேன். ஒரு நாளில் எத்தனை ச்சே என்று நான் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் தொழிலை விட்டிருப்பேன்.

ஒருநாள் வீட்டுக்காரர் மாடிப்படியில் வழிமறித்தார்.

“மதாம், நீங்க வாசிக்கறது என்னா?”

“எத்யூத் சார்.”

பிரெஞ்சு தெரிந்தவர் இல்லையா, உடனே பிடித்துக்கொண்டார். “எத்யூத்னா படிப்புதான? சரி, படிங்க. எப்ப முடிப்பீங்க? நானும் பாக்கறேன், அதே பாடத்தத்தான் படிக்கிறீங்க. பாஸாவற மாதிரி தெரியல.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மூக்குக்கு மேல் வரும் கோபத்தைத் திரும்ப உள்ளே அனுப்பத் தெரிந்திருக்கவேண்டும். கச்சேரியில் வாசிக்கத்தான் இந்தப் பாடு என்று பொறுமையாகச் சொன்னேன்.

“நல்லது. கச்சேரி முடிஞ்சதும் வேற வீடு பாத்துக்கோங்க மதாம். எங்களுக்கும் வயசாவுது.”

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் இன்னும் எத்தனை பேட்டை, எத்தனை பாளையம் பாக்கி? பியானோவை நகர்த்துவது பீரோவை நகர்த்துவது போல இல்லை. ஒவ்வொரு முறை வண்டியில் ஏற்றி இறக்கும்போதும் அதன் சுருதி கலைந்து, சென்னையிலிருந்து சரிசெய்கிறவர் வந்து உதட்டைப் பிதுக்குவார். போன தடவையே, “இன்னொரு வாட்டி இத லாரில ஏத்தினா என்னைக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இந்த வீடும் போனால் பியானோவை விற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பாவம், அவர்கள் எத்யூத்தை இதுவரை கேட்டதே இல்லை. கேட்டதெல்லாம் அதன் எலும்புகளை. முழுசாக, வேகமாக, ஒருமுறை கேட்டுவிட்டால் மனம் மாறிவிடமாட்டார்களா? முன்வரிசை அழைப்பிதழோடு மாடிக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “அந்தப் பாட்டு வருமா?”

“வரும் சார்.”

“முழுசா?”

“முழுசா.”

அந்த அம்மா சமையலறையிலிருந்து, “ஏம்மா, அன்னிக்காவது தப்பு இல்லாம வருமா?” என்றார்.

“வரும்மா.”

“அப்ப வர்றோம். கேட்டுட்டு முடிவு சொல்றேன்” என்றார் அவர்.

கச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு பழைய அரங்கில். ஏசி போட்டு உறைய வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பிளாஸ்க்கில் கொண்டுபோன வெந்நீரில் விரல்களை நனைத்துக்கொண்டிருந்தேன். திரை இடுக்கில் பார்த்தால் முன்வரிசையில் அவர் கோட்டும் சூட்டும், மார்பில் மெடல்களுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அந்த அம்மா பட்டுப்புடவையில். அதற்கப்புறம் ஒரு வரிசையே நிறைந்திருந்தது. சம்பந்தி வீட்டாரை மொத்தமாக அழைத்து வந்திருந்தார். ஒரு தீர்ப்புக்கு இத்தனை ஜூரியா என்று விரல்களை மறுபடி வெந்நீரில் முக்கினேன்.

ஒவ்வொரு உருப்படி தொடங்கும்போதும் அவர் சம்பந்தியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்வதும், அவர் தலையாட்டுவதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. எத்யூத்தின் முறை வந்தது. கைகளை வைத்தேன். அதன்பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அப்படி ஒரு வாசிப்பு என் கையிலிருந்து அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. சோம்பேறி மோதிர விரல் பறந்தது. அந்தச் சரிவில் சுண்டு விரல் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. முடித்துக் கையை எடுத்ததும் அரங்கம் எழுந்து கைதட்டியது. நான் முன்வரிசையைத்தான் பார்த்தேன். அவர் மரியாதைக்கு நான்கு தட்டுத் தட்டிவிட்டு, சம்பந்தியிடம் ‘பொறுங்கள்’ என்பதுபோல் கையைக் காட்டினார்.

கச்சேரி முடிந்தது. கூட்டம் கலைந்தது. அந்த வரிசை மட்டும் எழுந்திருக்கவில்லை. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் இறங்கி அவர்களிடம் போனேன்.

“மதாம், நம்ம பாட்ட உட்டுட்டீங்களே?”

“வாசிச்சேனே சார்!”

“எப்ப?”

“கடைசிக்கு முன்னால. எல்லாரும் எழுந்து தட்டினாங்களே.”

“அதுவா? மிக்சில சட்னி அரைச்ச மாதிரி சர்ருனு ஒண்ணு போச்சே, அதுவா?” அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “மதாம், பயந்துட்டீங்க, அதனால உட்டுட்டீங்க. அது தப்பில்ல. பொய் சொல்லாதீங்க. இத்தன மாசமா கேக்கறோம், எங்களுக்குத் தெரியாதா? இவங்கள அந்தப் பாட்டக் கேக்கத்தான் கூட்டியாந்தேன். வரும், இப்ப வரும்னு சொல்லிக்கினே இருந்தேன்.”

“ஆமாம்மா,” என்றார் அந்த அம்மா, “இவரு குளிக்கும்போதுகூட அதத்தான் முணுமுணுக்கறாரு.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாழ்நாளின் மிகச் சிறந்த வாசிப்பை சட்னி என்றுவிட்டார். அதே மூச்சில், என் மட்டமான வாசிப்பைக் கேட்பதற்குச் சம்பந்தி வீட்டையே கூட்டி வந்திருக்கிறார். விளக்கை அணைப்பவரிடம் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு மறுபடி மேடையேறினேன்.

வலது கை மட்டும். நத்தை வேகம். முதலில் கடைசி வரி.

“இதான்! இதான்!” என்று எழுந்து நின்றுவிட்டார். சம்பந்திகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அதற்கு முந்தைய வரிக்குப் போனேன். அவர் விரலால் தாளம் போட்டார், மெட்ரோனோம் தோற்கும். அந்தச் சரிவு வந்தது. சுத்தமாக இறங்கிக் கடந்தேன்.

“இல்ல இல்ல,” என்றார் அவர். “இங்க தாண்டிட்டீங்க.”

“சரியாத்தான வாசிச்சேன்?”

“இங்க நிறுத்துவீங்களே மதாம். நிறுத்திட்டு ஒரு சத்தம் குடுப்பீங்க.”

“ச்சேனு,” என்று அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார்.

எத்தனையோ மாதம் பாடுபட்டு நான் வெட்டி எறிந்த தவறைத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். சுண்டு விரலை வேண்டுமென்றே வழுக்க விட்டேன். நிறுத்தினேன். வெறும் அரங்கத்தில், “ச்சே!” என்றேன்.

வரிசை மொத்தமும் கைதட்டியது. அவர் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்து, “சொன்னேன்ல?” என்றார். மெடல் வாங்கிய அன்றுகூட அப்படி ஒரு பெருமை அந்த முகத்தில் இருந்திருக்காது. நான் குனிந்து வணங்கினேன். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது அந்த ஒரு வணக்கத்தில்தான். நான் தனியாக அடித்துக்கொண்டிருந்ததாக நினைத்த மாதங்களில், மாடியில் இருவர் கூடவே வந்திருக்கிறார்கள்.

“அப்ப வீடு, சார்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இருக்கட்டும் மதாம். நாளைக்குக் காலைல எத்தன மணிக்கு ஆரம்பிப்பீங்க?”

மறுநாள் காலை கரண்ட் இல்லை. பட்டறை அடங்கிக் கிடந்தது. நேற்றைய வாசிப்பு தற்செயலா என்று பார்க்க எத்யூத்தை முழு வேகத்தில் ஒருமுறை ஓட்டினேன். மாடியிலிருந்து தரையைத் தட்டும் சத்தம் வந்தது. சரி என்று மெட்ரோனோமின் வேகத்தை இறக்கி, வலது கையை மட்டும் வைத்து, கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வந்தேன். தட்டல் நின்றது. சரிவு வந்தது. பழக்க தோஷம், சரியாகவே இறங்கிவிட்டேன். அடுத்த கட்டையைத் தொடுவதற்குள் மாடியிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாகச் சொல்லின:

“ச்சே!”

நான் மறுபடியும் வரியின் தொடக்கத்துக்குப் போனேன்.