சிவப்பு அம்பு

எங்கள் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் ஒரு அம்மா இருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். வீடு திரும்பும்போதும் வளையலில் நாலைந்து அம்பு ஒட்டியிருக்கும். யாரைப் பார்த்தாலும் காலர் முதல் கால் வரை ஒருமுறை கண்ணை ஓட்டுவார்.

குழந்தைகள் விளையாடும் ஹாலில் அபார்ட்மெண்ட் சங்கத் தலைவர் தன் கம்பெனி அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பூட்டிக்கொண்டார். மறுநாள் பூட்டின் மேல் ஒரு அம்பு. கிழித்தார். மறுபடி ஒட்டியிருந்தது, அவர் கார்க் கண்ணாடியிலும் ஒன்று.

கூட்டத்தில் தலைவர் குதித்தார். "ஏனுங்க, யாருங்க இத ஒட்டறது?"

அந்த அம்மா எழுந்தார். "நாந்தானுங்க. கொற எங்க இருக்குதுன்னு காட்டறது என்ர வேலைங்க. சரி பண்ணிப்போட்டா நானே எடுத்துப்போடறனுங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஹாலைத் திறக்க வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது, தலைவர் என்னையே பார்த்தார். என் கை மடியை விட்டு எழவில்லை.

மற்றவர்களின் கைகளே போதுமாயிருந்தன. ஹால் திறந்தது. பூட்டிலும் காரிலும் இருந்த அம்புகளை அந்த அம்மாவே வந்து எடுத்தார்.

மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். என் பெயர்ப்பலகையில் ஒரு அம்பு. அந்த அம்மா தினமும் அதைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் மாடியேறிப் போகிறார்.