இருபத்திரண்டு பாட்டு

உண்ணாமலை வாய் திறக்காமல் இருந்த இருபது நாளில் ஊரில் பாதிப் பேர் அவளைச் சாமியாராக்கிவிட்டார்கள். தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டவளுக்கு இப்படி ஒரு பதவி வேறு எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. திருவண்ணாமலையில் கிடைக்கும். ஒருவர் பேசாமல் இருந்தால் இங்கே என்ன நோய் என்று கேட்க மாட்டார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அவள் பதினாறு வருடமாக மூர்த்தியின் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவள். ஆடி வந்தால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் திருவிழா, மற்ற மாதங்களில் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர்களின் பிறந்தநாள். ஒரு கச்சேரி என்றால் நாலு மணி நேரம். ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் குரல் தனக்கே கேட்காமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முன்வரிசையில் ஒருவன் விசிலடித்து அதே பாட்டைத் திரும்பக் கேட்டால் திரும்பப் பாட வேண்டும். தொண்டை கட்டினால் பனங்கற்கண்டு தருவார்கள், மிளகு தருவார்கள், சுக்குக் காபி தருவார்கள். லீவு மட்டும் தர மாட்டார்கள்.

அந்தக் குழுவில் ரிதம் பேடு அடிக்கிற மணிவேல் அவளுடைய தம்பி. அப்பா அம்மா போன பிறகு வேங்கிக்கால் வாடகை வீட்டில் இரண்டு பேர்தான். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டு, டப்பாவையும் பெஞ்சையும் தட்டிக்கொண்டிருந்தவனை மூர்த்தியிடம் கூட்டிப்போய்ச் சேர்த்தவளே அவள்தான். உண்ணாமலைக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், 'பொண்ணு ராத்திரியில மேடை ஏறிப் பாடுது' என்று தெரிந்ததும் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். தின்றவரைக்கும் நல்லாத்தான் தின்றார்கள் என்று அவள் சிரிப்பாள்.

போன மாசி முதல் மேல் ஸ்தாயியில் குரல் நிற்கவில்லை. கச்சேரி முடிந்த மறுநாள் காலையில் காற்றுதான் வந்தது. ஆனி மாதம் வேலூருக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தாள். உள்ளே குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "மண்வெட்டி புடிச்ச கையில காய்ப்பு காய்க்கும் பாத்திருக்கீங்களா? அதுமாதிரி தொண்டை நரம்புல காய்ச்சிருக்கு. அதுக்கு மேல ஒரு கொப்புளமும் இருக்கு. எடுத்துடலாம். எடுத்தப்புறம் பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மூணு மாசம் பாட்டே கூடாது. இப்பலேர்ந்து ஆபரேஷன் வரைக்கும் பாடுறதை அடியோட நிறுத்துங்க" என்றார்.

ஆடிக்கு இரண்டு வாரம் இருந்தது. சீசன் நேரத்தில் இதை எப்படி மூர்த்தியிடம் சொல்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள். போளூர் தாண்டும்போது ஆபரேஷனையே தள்ளிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். பதினாறு வருடத்தில் அவள் வாங்கிய திட்டை வைத்துப் பார்த்தால் அந்தப் பயம் நியாயம்தான்.

மூர்த்தி திட்டவில்லை. அதுதான் ஆச்சரியம். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"உடம்பு முக்கியம்மா. ஒண்ணும் கவலைப்படாத. ஓவியான்னு ஒரு பொண்ணு, காலேஜ் முடிச்சிட்டு சும்மாதான் இருக்குது. இந்த சீசனுக்கு அத வெச்சி ஓட்டிக்கிறேன். உன் எடம் உன் எடம்தான்."

உண்ணாமலைக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு பண்ணு. நம்ம ரெகுலர் பாட்டு இருபத்திரண்டையும் பாடிக் குடுத்துட்டுப் போ. அந்தப் பொண்ணு கேட்டுக் கத்துக்கட்டும். நீ பாடுற மாதிரி யாருக்கு வரும்?"

பாடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய மனசோடு பேசுகிற மனிதரிடம் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? கூட வந்திருந்த தம்பியைப் பார்த்தாள். மணிவேல், "ரெண்டு நாள்தானேக்கா, மெதுவாப் பாடு" என்றான். செல்போன் கடைக்கு மேலே மூர்த்தி வைத்திருந்த ரெக்கார்டிங் ரூமில், கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, இரண்டு நாள் பாடினாள். மெதுவாகப் பாட விட்டால்தானே. மேடையில் பாடுகிற மாதிரியே வேண்டும் என்றார் மூர்த்தி. பதினெட்டாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் முள் குத்தியதுபோல் சுருக்கென்றது. மூச்சை விழுங்கி, ஒரு நொடி விட்டு, அடுத்த அடியைப் பிடித்தாள். திரும்ப எடுக்கலாமா என்று சைகையில் கேட்டாள். "பரவால்ல, பரவால்ல. அந்தப் பொண்ணுக்கு மெட்டு தெரிஞ்சா போதும்" என்று மூர்த்தி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா கோபமாக வந்து நின்றார். கொப்புளம் உடைந்து ரத்தம் கட்டியிருந்ததாம். நினைத்ததைவிட ஜாஸ்தி வெட்ட வேண்டியதாகிவிட்டது. பத்து நாள் மௌனம் இருபது நாளானது. "கிசுகிசுன்னு கூடப் பேசக் கூடாது. ஒரு தடவை கத்தினா போதும், உங்க குரலை மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

ஊரில் பேசாமல் இருப்பது லேசா? பால்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல வேண்டும். மணிவேல்தான் யோசனை கண்டுபிடித்தான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை ஒட்டிய கடைகளில் 'மௌனம்' என்று எழுதிய பேட்ஜ் விற்கும். பேசாமல் இருக்க ஆசைப்பட்டு வரும் வெள்ளைக்காரர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் புன்னகை செய்துகொண்டு காபி குடிப்பார்கள். அதில் ஒன்றை வாங்கி வந்து அக்காவின் புடவையில் குத்திவிட்டான். அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. பூக்காரம்மா கேட்காமலே ஒரு முழம் நீட்டினாள். கிரிவலம் வந்த ஆந்திராக் குடும்பம் ஒன்று வரிசையாக அவள் காலில் விழுந்து எழுந்தது. தடுக்கவும் வாயில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் நடித்துக் காட்டி, சத்தம் வராமல், வயிறு குலுங்கச் சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் பகலில்தான். கச்சேரி நேரமான ஏழு மணிக்கு அவளுக்குக் கை கால் ஓடாது. குரல் திரும்ப வருமா, வந்தாலும் பழைய மாதிரி வருமா, வராவிட்டால் அவள் யார்? இந்தக் கேள்வி தினமும் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். தம்பி கிளம்பும்போது போனில் எழுதிக் காட்டுவாள்: 'அந்தப் பொண்ணு நல்லா பாடுதா?'

"சுமார்தான்க்கா. நீ வந்தாதான் சரியாவும்" என்பான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவள் மறுநாளைத் தள்ளினாள்.

பதினாறாம் நாள், சித்தி சந்திரம்மாள் கூழுக்குக் கூப்பிட்டாள் என்று கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினாள். மணிவேல் காலையிலேயே, "இன்னிக்குச் சேத்துப்பட்டுல கச்சேரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். சாயங்காலம் சித்தியோடு அம்மன் கோயிலுக்குப் போனால், எதிரில் மேடை. மேடையில் மூர்த்தியின் பேனர். கீபோர்டில் மூர்த்தி. பேடில் தம்பி.

கடைசி நிமிஷத்தில் ஊர் மாறியிருக்கும் என்று நினைத்தாள். தம்பியைச் சந்தேகப்பட அவளுக்கு அதுவரை பழக்கமில்லை. ஓவியா பச்சைப் பட்டுப்பாவாடையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. நல்லாப் பாடுகிறதே, எங்கே இவ்வளவு நாள் இருந்தது இந்தப் பெண் என்று உண்ணாமலை மனசாரச் சந்தோஷப்பட்டாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். பல்லவி, சரணம், இன்னொரு பாட்டு. அப்புறம் அந்தப் பதினெட்டாவது பாட்டு வந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் ஒரு நொடி நின்றது. மூச்சை விழுங்குகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. ஓவியாவின் வாய் அந்த நேரத்தில் திறந்தபடியே இருந்தது.

அது உண்ணாமலையின் மூச்சு. அவளுக்கு வலித்த இடம். கற்றுக்கொள்ளக் கேட்டு வாங்கியதை டிராக்காகப் போட்டுவிட்டு, மைக்கை அணைத்து, ஒரு பெண்ணை வாயசைக்க நிறுத்தியிருக்கிறார்கள். சனம் கைதட்டியது. பக்கத்தில் நின்ற சித்தி, "அச்சு அசலா உன்ன மாதிரியே பாடுதே இந்தப் பொண்ணு!" என்றாள்.

அது நான்தான் சித்தி, நான்தான் என்று கத்த வாய் திறந்துவிட்டாள். வயிற்றிலிருந்து கிளம்பிய சத்தம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு தடவை கத்தினால் போதும் என்ற டாக்டரம்மாவின் பேச்சு அங்கே வந்து மறித்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போனாள். பேட்ஜைப் பார்த்தவர்கள், "மௌனச் சாமி வருது, வழி வுடுங்க" என்று ஒதுங்கினார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையின் தலையைக் கொண்டுவந்து அவள் கைக்குக் கீழே வைத்தாள். மேடையிலிருந்து மணிவேல் பார்த்துவிட்டான். குச்சி ஒரு தாளம் தப்பியது. ஸ்பீக்கரில் தாளம் தப்பவில்லை.

மறுநாள் காலை அவன் சமையல்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"மூர்த்தியண்ணன் திடீர்னு பண்ணிட்டாருக்கா. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. என் பேடும் டிராக்குதான். நான் சும்மா தட்டிட்டுக் கீறேன். எதுனா கேட்டா என்னயும் தொரத்திடுவாரு. ரெண்டு மாசமா காதுல வேற ஙொய்னு ஒரே சத்தம். உன்கிட்ட சொன்னா நீ பயந்துக்குவன்னு சொல்லல."

அழுதான். மாட்டிக்கொண்டான் பாவம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மூர்த்தி மேல் வந்த ஆத்திரத்தில் தம்பியின் பொய் அவளுக்குச் சின்னதாகத் தெரிந்தது. நமக்கு வேண்டியவர்கள் செய்ததை நாமே சின்னதாக்கிக்கொள்கிறோம், வேறென்ன? மறுபடி வேலூருக்குப் போனபோது அவனையும் இழுத்துப்போனாள். ஸ்பீக்கர் சத்தத்தில் காது கெட ஆரம்பித்திருக்கிறது, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு வாசிக்கட்டும் என்றார்கள். அவளே வாங்கிக் கொடுத்தாள். ஒரு கச்சேரியில் வைத்தான். மூர்த்தி, "இன்னாடா, குளிருதா?" என்று சிரித்தாராம். அதோடு எடுத்துவிட்டான்.

மூன்று மாதம் வைராக்கியமாக இருந்தாள். டாக்டரம்மா அனுப்பிய குரல் பயிற்சிக்காரப் பெண் சொன்னபடி, ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு ஊதினாள், 'ம்' என்று முனகினாள். ஐப்பசியில் முதல் தடவையாக மாடியில் நின்று ஒரு பாட்டு முழுசாகப் பாடினாள். குரல் வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் கனத்து, கொஞ்சம் கீழே இறங்கி, ஆனால் வலியில்லாமல் வந்தது. வலியில்லாமல் பாடி எத்தனை வருஷமாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. தேம்பித் தேம்பி அழுதாள்.

மறுநாள் மதியம் மூர்த்தியின் ரெக்கார்டிங் ரூமுக்குப் போனாள். மணிவேலும் அங்கே இருந்தான். சண்டை போட அவள் போகவில்லை. அவள் இடம் அவள் இடம்தான் என்று சொன்னாரே, அதைக் கேட்கப் போனாள். கேட்பதற்கு முன்னால் பாடிக் காட்டினாள்.

மூர்த்தி கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாதாம்மா கீது. ஆனா இது வேற குரலு. சனங்க பழைய குரலுக்குப் பழகிட்டாங்க. மூணு மாசமா டிராக்குல சுத்தமா கேட்டுட்டாங்க இல்ல?" என்றார். பிறகு ஏதோ நல்ல சேதி சொல்பவர்போல் முன்னால் குனிந்தார். "ஓவியாவுக்குக் கல்யாணம் வெச்சிட்டாங்க. நீயே வந்து நின்னுடு. உன் குரலு, உன் டிராக்கு, நீ வாயசைச்சா போதும். தொண்டைக்கும் ரெஸ்ட். உடம்பு முக்கியம் பாரு."

"எனக்குக் குரல் இருக்குதுங்கண்ணா" என்றாள் உண்ணாமலை.

"யாரு இல்லன்னாங்க? மணிவேலு, நீயே சொல்லுப்பா உங்கக்காவுக்கு. உன் ஐடியாதானே இது. ஆடி சீசனக் காப்பாத்தினதே நீதான்."

அவள் தம்பியைப் பார்த்தாள். இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தாள். ஒரு தலையாட்டல் போதும், நம்பியிருப்பாள். அவன் நிமிரவில்லை.

"இருபத்திரண்டு பாட்டு லிஸ்ட்டும் நீ எழுதினதா?"

"நீ இல்லன்னா குழுவே போயிருக்கும்க்கா" என்றான் மணிவேல். "நமக்கு வேற இன்னா தெரியும்? சரின்னு சொல்லுக்கா. உன் தொண்டைக்கும் நல்லதுதானே."

ரத்தம் கட்டும்வரை பாட வைத்தவன் அவன். அப்போதும் இதே அக்கறையோடுதான் சொன்னான். அவனோடு உட்கார்ந்து சிரித்ததெல்லாம், அவன் காதுக்காக வேலூரில் வரிசையில் நின்றதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவளுக்கு நினைவு வந்தது. மூர்த்தி ஏமாற்றியதை அவள் தாங்கிக்கொண்டாள். இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அந்தப் பாட்டையெல்லாம் அழிச்சிடுங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தம்பி பின்னால் வருவான் என்று செல்போன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று சாயங்காலம் போளூரில் ஒரு கல்யாண வரவேற்பு. இருபத்திரண்டு பாட்டையும் எடுத்துக்கொண்டு மணிவேல் போனான்.