நளீபா மிஸ் எழுதிய ஐந்தாம் படி

நளீபா மிஸ்ஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறார். சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில், ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில். இரண்டு இடத்திலும் ஒரே பாடம், ஒரே டியூட் பாடக்குறிப்பு, ஒரே பகிடி. பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று பார்ப்பதை விட்டு ஐந்தாறு வருடமாகிறது. பகிடியைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

அவர் பெயரெடுத்த பாடம் கதைக்கோட்பாடு. எந்தக் கதையையும் ஐந்து படியாகப் பிரிக்கலாம் என்று அது சொல்கிறது. முதலில் எல்லாம் சமநிலையில் இருக்கும். பிறகு ஏதோ ஒன்று குலையும். குலைந்ததை யாராவது உணர்வார்கள், சீர்செய்ய முயல்வார்கள், கடைசியில் ஒரு புதிய சமநிலை வரும். இதை ஒரு பாட்டு வீடியோவில் பொருத்திக் காட்டு என்ற கேள்விக்கு மிஸ் ஒரு மாதிரி விடை வைத்திருந்தார். கொழும்புப் பையன்கள் சிலர் சேர்ந்து எடுத்த ஐந்து நிமிடப் பாட்டு அது. அப்பாவும் மகளும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். மகள் காதலனோடு போய்விடுகிறாள். அப்பா வெறுங்கட்டிலைப் பார்க்கிறார். தேடி அலைகிறார். பல வருடம் கழித்து மகள் வந்து தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்க, அப்பா கதவைத் திறக்கிறார்.

வகுப்பில் புரொஜெக்டர் கிடையாது. மிஸ் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள், எழுதியதைப் பாடமாக்குவார்கள். அந்தப் பாட்டை ஒருதரமும் கேட்காமலே அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதக்கூடிய பிள்ளைகளை நாலு வருடமாக உருவாக்கி அனுப்பியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், மிஸ்ஸும் அதை முழுதாகப் பார்த்தவரில்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டில், ஒரு நாளைக்குப் பல மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் பார்த்தது. மகள் தெருவில் நிற்கிறாள், அப்பா கதவை நோக்கி நடக்கிறார், அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. அடுத்த நாள் வகுப்பு. ஐந்தாம் படி என்னவாக இருக்க வேண்டும் என்று கோட்பாடுதான் சொல்கிறதே என்று, கதவு திறந்ததாக மிஸ்ஸே எழுதி முடித்துவிட்டார்.

கோட்பாட்டின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. மிஸ்ஸின் தங்கை ஆதிபா, பத்தொன்பது வருடத்துக்கு முன் முஸ்லிம் அல்லாத, அட்டன் பக்கத்துத் தமிழ்ப் பையன் ஒருவனோடு வீட்டை விட்டுப் போனவள். அதன் பிறகு வாப்பா அவள் பெயரை வாயில் எடுக்கவில்லை. நளீபாவுக்கு வந்துகொண்டிருந்த கலியாணப் பேச்சுகளும் அதோடு நின்றன. அந்தக் கோபம் நளீபாவுக்கு இன்னும் ஆறவில்லை. தங்கை திரும்பி வரவேண்டும் என்ற ஆசையும் ஆறவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமந்து களைத்துப்போன மனுசிதான் அந்தக் கதவைத் திறந்து வைத்தது.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, கொட்டாஞ்சேனை வகுப்பில் லவினா எழும்பினாள். வத்தளையிலிருந்து வருகிற பிள்ளை, வாய் திறப்பது குறைவு.

"மிஸ், அந்தப் பாட்டு யூடியூப்பில பார்த்தனான். டியூட்டில இருக்கிற மாதிரி இல்ல மிஸ். அப்பா கதவு திறக்கேல்ல."

"முழுசாப் பார்த்தீங்களா?"

"ஓம் மிஸ். ரெண்டு தரம்."

வகுப்பே தலையை நிமிர்த்தியது. இந்த வருடத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல்தரம். பார்த்துச் சொல்வதாகச் சொல்லி மிஸ் அடுத்த கேள்விக்குப் போனார்.

பஸ்ஸில் நின்றபடியே வெள்ளவத்தைக்கு வந்து, எண்பத்து நாலு வயது வாப்பாவுக்குச் சோறு குழைத்துக் கொடுத்து, அவர் கண்ணயர்ந்த பிறகு போனைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்துப் பார்த்தார். அப்பா கதவு வரைக்கும் வருகிறார். தாழ்ப்பாளில் கை வைக்கிறார். வைத்த கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், ஒற்றைத் தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறார். தெருவில் ஒரு பஸ் வந்து போகிறது. மகளைக் காணோம். அவ்வளவுதான் பாட்டு.

மிஸ் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அப்பா தேடி அலைகிறார் என்று எழுதிக் கொடுத்திருந்தாரே, அந்த இடத்தில் அப்பாவின் கையில் மரக்கறிப் பை இருந்தது. மனுசன் சந்தைக்குப் போய் வந்திருக்கிறார். தேடவே இல்லை.

வகுப்பு வாட்ஸ்அப்புக்குக் குரல் பதிவு ஒன்று போட்டார். "பிள்ளைகள், டியூட்டில உள்ள முடிவு பிழை. பிழை என்னுடையது. கதவு திறக்கவில்லை. மகள் இல்லாமல் அந்த வீடு பழகிக்கொள்கிறது, அதுவும் புதிய சமநிலைதான். நாலாம் படியில், சீர்செய்ய எவரும் முயலவில்லை என்று எழுதுங்கள்."

அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வாப்பாவின் குறட்டை சீராகக் கேட்டது. இந்த வீடும் எப்போதோ பழகிக்கொண்டுவிட்டது, ஏதோ நடக்கப்போகிறது என்று மிஸ் மட்டும்தான் காத்திருந்திருக்கிறார். காத்திருந்ததைத் தவிர அவர் ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை.

ஆதிபாவின் நம்பரை மச்சான் முறை உறவுக்காரன் நபீஸ் எப்போதோ கொடுத்திருந்தான். அவள் கொழும்புக்குப் பக்கத்திலேயே, கொலன்னாவையில் இருக்கிறாள் என்று சொன்னதும் அவன்தான். வாப்பா கண்டுவிடக் கூடாதென்று, மிஸ் அதைப் போனில் போட்டோகொப்பிக் கடை என்று பெயர் போட்டு வைத்திருந்தார். அதை இப்போது எடுத்தார்.

"ஹலோ?"

"ஆதிபா, லாத்தா பேசுறேன்."

மறுபக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"வாப்பா மௌத்தா?" என்று கேட்டாள் ஆதிபா.

அக்காவிடமிருந்து அழைப்பு வந்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று இத்தனை வருடமாக நினைத்து வைத்திருக்கிறாள்.

"இல்ல. வாப்பா ஈக்கிறார். உள்ளுக்குத் தூங்குறார்."

"உங்களுக்கு ஏதும் நோய், வருத்தமா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப என்ன விசயம்?" அதில் கோபம் இல்லை. வேலை நேரத்தில் வந்து நிற்கிற யாரிடமும் அப்படித்தான் கேட்பார்கள்.

திட்டுவதற்கென்று பத்தொன்பது வருடமாகச் சேர்த்து வைத்ததில் ஒரு சொல்லும் நளீபாவுக்கு வரவில்லை.

"ஒரு விசயமும் இல்ல. நான் உன்னைத் தேடல்ல, ஆதிபா. வாப்பாட பேரைச் சொல்லிக்கொண்டு நானும் தேடல்ல. அதைச் சொல்லத்தான் எடுத்தேன்."

"தெரியும்," என்றாள் ஆதிபா. "கொலன்னாவை என்ன லண்டனா லாத்தா, தேடிப் பிடிக்கிறத்துக்கு?"