முகத்துக்கு முன் வந்த கண்கள்

காலை பதினொன்று பத்து. செருப்பைக் கழற்றிவிட்டு அக்கா வீட்டு முன்னறைக்குள் நுழைந்தேன். நான் முதலில் பார்த்தது இரண்டு கண்களை. எம்ப்ராய்டரி மெஷினின் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த அரக்குப் பட்டில் அவை மட்டும் இருந்தன. முகம் இல்லை, மூக்கு இல்லை, புருவம் இல்லை. கறுப்பு நூலில் விழிகளும் இமைக்கோடுகளும் முடிந்திருந்தன. ஊசி வலது கண்ணின் ஓரத்தில் கடைசித் தையல்களைப் போட்டுக்கொண்டிருந்தது. அக்காவைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் கரண்ட் போய் மெஷின் நின்றது.

தண்ணீர்ச் சொம்புடன் சமையலறையிலிருந்து வந்த அக்கா அதைப் பார்த்தார். சொம்பைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அப்போது அவருக்கு ஏழாம் மாதம்.

இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் பலருக்கு அந்த நாளைப் பற்றி அரைகுறையாகத் தெரியும். அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று என் காதுபடவே இருவர் அதைப் பேசினார்கள். ஆகவே அக்காவைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா ஆரணியில், தறி ஓடும் வீட்டில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் பள்ளியில் படிக்கும்போதே எங்கள் அம்மா காலமாகிவிட்டார். அதன்பின் எனக்குச் சோறு போட்டதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் அக்காதான். பன்னிரண்டாம் வகுப்புக்குமேல் படிக்க வைக்க அப்பாவால் முடியவில்லை. அக்கா டைப்ரைட்டிங் கற்றார். கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் சித்தப்பா வீட்டில் தங்கி, எம்ப்ராய்டரிக்கு டிசைன் போடும் சாஃப்ட்வேரைக் கற்றுத் திரும்பினார். சேத்துப்பட்டைச் சேர்ந்த மாமாவுடன் திருமணம் நடந்தது. இருவரும் ஆரணியிலேயே வீடு பார்த்து, ஒற்றை ஊசி உள்ள கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றை முன்னறையில் வைத்தார்கள். பட்டுச் சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணியில் வேலைப்பாடு செய்து கொடுப்பது தொழில். மாமா கடைகளுக்குப் போய் வருவார். டிசைன் முழுவதும் அக்கா.

மறைந்தவரைத் தைரியசாலி என்று எழுதுவது நம் வழக்கம். அக்கா அப்படிப்பட்டவர் அல்ல. பயந்த சுபாவம். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். இரண்டு முறை கரு தங்காமல் போன பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியது. ஆனால் அவர் வேலை நன்றாக இருந்ததற்கும் அந்தப் பயமே காரணம்.

பட்டில் ஊசி இறங்கிய துளை மறையாது. நூலைப் பிரித்தாலும் புள்ளி நிற்கும். தையலை நெருக்கிப் போட்டால் தபால்தலையின் ஓரம் போலத் துணி அறுந்துவிடும். அதனால் அக்கா ஒவ்வொரு டிசைனையும் முதலில் கணினியிலேயே மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். ஒரு தையலுக்குப் பின் அடுத்த தையல் திரையில் விழும். அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அப்பாவின் தறியில் மிஞ்சிய துண்டில் ஓட்டுவார். அதற்குப் பின்தான் வாடிக்கையாளரின் துணி.

அந்த சாஃப்ட்வேரில் வடிவத்தை வரைவது பாதி வேலைகூட இல்லை. அதற்குள் நூல் எந்தக் கோணத்தில் ஓட வேண்டும், எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எது முதலில் வர வேண்டும் என்று ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே மஞ்சள் நூலை ஓர் இதழில் நேராகவும் அடுத்த இதழில் சாய்வாகவும் ஓடவிட்டால் வெளிச்சத்தில் அது இரண்டு மஞ்சளாகத் தெரியும். ஊசி இறங்கும் புள்ளிகளை இடம் மாற்றினால், வேறு நூலே இல்லாமல் ஓர் இலைக்குள் நரம்பு தோன்றும். அடியில் ஒரு தளம் போட்டு மேலே தைத்தால் மாங்காய் வடிவம் புடைத்து நிற்கும். அக்கா போட்ட மயில் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அது தைத்ததா நெய்ததா என்று நெசவாளர்களே கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் அலங்காரம் நடக்கும்போது கருவறைக்கு முன்னால் இழுத்துவிடும் திரை நைந்துபோயிருந்தது. அந்த ஆண்டு ஆடிக்குப் புதுத் திரை தருவதாக அப்பா வேண்டிக்கொண்டார். பிள்ளை தங்க வேண்டும் என்ற வேண்டுதல். பட்டு அப்பா நெய்தது. அதில் அம்மன் முகம் அக்கா தைப்பது என்று முடிவாயிற்று.

சிலையானாலும் படமானாலும் அம்மனுக்குக் கண் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. அக்கா கண்களைக் கடைசியாகத்தான் வரைந்திருந்தார். மெதுவாக ஓட்டியும், மிஞ்சிய துண்டில் தைத்தும் பார்த்திருந்தார். ஆனால் ஒற்றை ஊசி மெஷினில் நிறம் மாறும்போதெல்லாம் நிறுத்தி நூல் மாற்ற வேண்டும். அதைக் குறைக்க, ஒரே நிறத்தில் உள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. ரவிக்கை வேலையில் அதைத் தினமும் பயன்படுத்துவார். கடைசியாக ஒரு முறை ஃப்ளாப்பியில் பதியும் நேரத்தில் கை பழக்கத்தில் அதை அழுத்திவிட்டது. கறுப்பு முழுவதும் முன்னால் வந்தது. மெஷின் துணியின் நடுவிலிருந்து தொடங்கும். நடுவுக்கு மிக அருகில் இருந்த கறுப்பு, கண்கள்.

அப்பா வந்தார். பின்னாலேயே, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கோயில் தர்மகர்த்தாவும் வந்தார். உறவு முறையில் எங்களுக்குப் பெரியப்பா. வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? மூஞ்சியே இல்லாம கண்ணு மட்டும் பாத்துகினு கீது. ஒரு துணியப் போட்டு மூடுங்க."

"மூடாதீங்க பெரிப்பா. கை பட்டா சட்டம் நகந்துடும்" என்றார் அக்கா.

நூலைப் பிரித்துவிடலாமா என்று அப்பா கேட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"அம்மன் கண்ணை நான் ஊசியால நோண்டி எடுக்கணுமா நைனா? இந்த நெலமையிலயா?"

அப்படியே விட்டால் முகமில்லாத கண். பிரித்தால் பிடுங்கிய கண். பட்டை வேறு எதற்கும் எடுக்க முடியாது. எரிக்கவும் முடியாது, ஆற்றில் விடவும் முடியாது. இனி யார் வீட்டில் எது நடந்தாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று தர்மகர்த்தா மெதுவாகச் சொன்னார். அவர் மிரட்டவில்லை. அவரும் பயந்திருந்தார்.

அவர்கள் போன பிறகு, எல்லாம் மனப்பிராந்தி என்று நான் அக்காவிடம் சொன்னேன். வேலூரில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் சொல்லக்கூடியதைத்தான் சொன்னேன்.

"நீ எழுதற நியூஸ்ல தப்பு வந்தா மறுநாள் ஒரு மூலையில திருத்தம் போட்டுட்டுப் போயிடுவீங்க. நான் எங்க போடறது?" என்றார். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "உனக்கு இதுலலாம் நம்பிக்கை இல்ல தம்பி. எனக்கும் பெருசா இல்ல. ஆனா உள்ள இருக்கறதுக்கு அது தெரியுமா? அதோட கண்ணுக்கு எதுனா ஆயிட்டா?"

அக்காவின் பயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. திரை போகட்டும், தெருப் பேச்சும் போகட்டும். பிறக்கப்போகும் பிள்ளையின் கண்.

மறுநாள் காலை அக்கா கணினி முன் உட்கார்ந்தார். பிரிப்பதும் இல்லை, விடுவதும் இல்லை என்று ஒரு வழி கண்டிருந்தார். தைத்துவிட்ட கண்கள் அப்படியே இருக்கும். அவற்றின்மேல் முகத்தின் மஞ்சள் நிறத்திலேயே மூடிய இமைகளைத் தைப்பது. பிறகு மூக்கு, உதடு, கூந்தல், கிரீடம். முகம் முழுதும் முடிந்த பின், நல்ல நாளில், பூசை செய்து, இமைகளின்மேல் கண்களைத் திறப்பது. அம்மன் தூங்கி எழுந்ததாக இருக்கும்.

சொல்வது எளிது. ஒரே இடத்தில் மூன்று அடுக்குத் தையல் விழுந்தால் பட்டு அறுந்துபோகும். இமையின் நூலை அக்கா தளர்த்தினார்; கறுப்பு எட்டிப் பார்த்தது. நெருக்கினார், மாதிரித் துண்டு விரிசல் விட்டது. கடைசியில் நெருக்கத்தைக் கூட்டாமல் கோணத்தை மாற்றினார். கீழே இருந்த தையல் ஓடிய திசைக்குக் குறுக்காக, இமையின் வளைவோடு நூலை ஓடவிட்டபோது கறுப்பு அடங்கியது. தூங்குபவரின் இமை போல அது லேசாகப் புடைத்தும் இருந்தது.

கரண்ட் போனதில் மெஷின் தன் இடத்தை மறந்திருந்தது. ஒரு நூல் அகலம் தள்ளி விழுந்தாலும் அம்மனுக்கு மாறுகண் ஆகிவிடும். எந்தத் துணியைக் கட்டினாலும் நான்கு மூலையிலும் கையால் சிறு பெருக்கல் குறி தைத்துவைப்பது அக்காவின் வழக்கம். அந்தக் குறிகளின்மேல் ஊசி முனையைக் கொண்டுவந்து கொண்டுவந்து, பழைய இடத்தைப் பிடித்தார். முகம் சரியாக விழுந்தது.

கண் திறப்பது வெள்ளிக்கிழமை என்று தர்மகர்த்தா நேரம் குறித்துக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் கரண்ட் இருக்குமா என்று அக்கா கேட்டார்.

"ராகு காலம் காலண்டர்ல கீது. கரண்ட் போற நேரம் எதுல போட்டுக்கீது? அவளையே கேளு" என்று திரையைக் காட்டினார் தர்மகர்த்தா. அந்த வாரத்தில் அக்கா சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வெள்ளிக்கிழமை முன்னறையில் பூசாரி, தர்மகர்த்தா, அப்பா, மாமா, நான். கற்பூரம் காட்டியதும் அக்கா மெஷினை ஓடவிட்டார். இடது கண் முடிந்தது. ஊசி வலது பக்கம் போனது. சில தையல் விழுந்ததும் நூல் அறுந்து மெஷின் தானாக நின்றது. மஞ்சள் முகத்தில் ஒரு கண் திறந்தும் ஒரு கண் மூடியும் இருந்தது. பூசாரி மணியை நிறுத்திவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா நூல் முனையை வாயில் ஈரப்படுத்தி ஊசியில் கோக்கப் பார்த்தார். நூல் விலகி விலகிப் போனது. மாமா எழுந்தார், வேண்டாம் என்று அக்கா தலையசைத்தார். இடது கையை வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கோத்தார். மெஷின் ஓடியது. வலது கண்ணும் திறந்தது. அந்த ஆடியில் திரை கோயிலில் ஏறியது.

புரட்டாசியில் மகள் பிறந்தாள். பிரசவ அறையில் அக்கா முதலில் கேட்டது ஆணா பெண்ணா என்று அல்ல. "கண்ணு தொறந்துதா?" என்று கேட்டார். திறந்து பார்க்கிறது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

பயம் அதோடு தீரவில்லை. குழந்தையின் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்ப்பார். பாப்பா டிவிக்கு அருகில் போய் உட்கார்ந்தால் உடனே பின்னால் இழுத்து உட்காரவைப்பார். ஆனால் ஒரு தடவைகூடக் கண் டாக்டரிடம் காட்டவில்லை. மாமா கூப்பிடுவார், இந்த சீசன் போகட்டும் என்பார். துணியில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவர், இதை மட்டும் சோதிக்கத் துணியவில்லை.

சென்ற கார்த்திகையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆரணியில் பார்த்து, வேலூருக்குக் கொண்டுபோனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். நினைவு வந்து வந்து போனது. தெளிவாக இருந்த ஒரு பிற்பகலில், "பாப்பாவ நீயே கூட்டினு போயி கண்ணக் காட்டிடு தம்பி. எனக்குச் சொல்ல வேணாம்" என்றார். அதற்குப் பின் என்னோடு பேசவில்லை.

அக்கா இறந்தது மூளைக்காய்ச்சலால். மருத்துவர்கள் சொன்ன காரணம் அது. எனக்குத் தெரிந்த காரணமும் அதுதான்.

மருத்துவமனையில் மாமாவோடு மாறி மாறி இருந்த சித்தப்பா குடும்பத்தினருக்கும், பாப்பாவைத் தம் பிள்ளைகளோடு வைத்துச் சோறூட்டிய பக்கத்து வீட்டாருக்கும், ஊர்வலத்தன்று தறிகளை நிறுத்திவைத்த தெருவினருக்கும், எங்கள் வீட்டுக்கு முதலில் வந்து கடைசியில் போன தர்மகர்த்தா பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காரியத்தன்று என் காதுபடப் பேசிய இருவர்தாம் அன்றைய சமையல் முழுவதையும் பார்த்துக்கொண்டவர்கள். அவர்களுக்கும் நன்றி.

பாப்பா ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சென்ற மாதம் நான் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாமா உள்ளே வரவில்லை, தெருவில் நின்றார். முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார்கள், பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு. இரண்டு தடவையும் பாப்பா கடைசி வரிசை வரை படித்தாள்.