நாற்பது அல்ல, இருபத்தைந்து

பிலோமி அக்கா இறந்துவிட்ட செய்தி, நாங்கள் சேர்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்த காலத்து வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்தது. அலுவலகத்தில் தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு, வயது நாற்பத்தேழு. கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "அதிர்ஷ்டக்கார அக்கா. கருவாட்டுக் களத்திலிருந்து அரசு வேலைக்குப் போனவங்க." அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், தூத்துக்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசப் பயிற்சி வகுப்பில்தான் அவரைப் பார்த்தேன். களத்தில் நெத்திலியைப் பரப்பிவிட்டு நேரே வந்திருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "வாடை பிடிக்கலன்னா நீங்க தள்ளிக்கிடுங்க. நான் எதுக்குத் தள்ளணும்?" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அவர் பக்கத்தில் மிஞ்சியது நான் மட்டும்தான். நல்ல மனசு ஒன்றுமில்லை. அன்று எனக்குக் கடுமையான சளி.

மாதிரித் தேர்வில் முதல் இருபது இடங்களுக்குள் வருபவர்களுக்கு ஆறு மாத முழுநேர வகுப்பு இலவசம் என்றார்கள். வேறு எங்கும் போய்ப் படிக்க அக்காவுக்கு வழியில்லை. அந்த இருபதில் ஓரிடம் கிடைத்தால்தான் உண்டு.

கணக்குப் பகுதியை அவர் எல்லோருக்கும் முன்பாக முடித்தார். வினாத்தாளில் ஒரு கிறுக்கல்கூட இல்லை. விடைகளை வாசித்துத் திருத்தி முடித்த பயிற்சியாளர், அவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "வழிமுறை எங்கம்மா? பக்கத்துப் பொண்ணப் பாத்து எழுதுனீங்களா?" வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் எனக்குத்தான். அந்தச் சந்தேகம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வாயைத் திறக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா எழுந்து நின்றார். "ரெண்டு தாளையும் ஒண்ணா வச்சுப் பாருங்க சார். பாத்து எழுதியிருந்தா இவ தப்பும் எங்கிட்ட இருக்கணும்லா?"

வைத்துப் பார்த்தார். ஒரு கணக்கில் எங்கள் விடைகள் வேறாக இருந்தன. நூறு கிலோ திராட்சையில் எண்பது சதவீதம் நீர். உலர்ந்த பிறகு இருபது சதவீதம் நீர். உலர்ந்தது எத்தனை கிலோ? எண்பதில் இருபதைக் கழித்து, அறுபது போய்விட்டது என்று நான் நாற்பது போட்டிருந்தேன். அக்கா போட்டது இருபத்தைந்து. சரியான விடையும் அதுதான்.

"எப்படிப் போட்டீங்க?" என்றார் பயிற்சியாளர், குரல் இறங்கி.

"திராட்சைன்னா என்ன, நெத்திலின்னா என்ன சார். காஞ்சா தண்ணிதான் போகும், சதை போகாது. நூறு கிலோல சதை இருவது. காஞ்ச பெறகும் அதே இருவதுதான். ஆனா இப்ப அது நூத்துக்கு எம்பது. அப்ப மொத்தம் இருவத்தஞ்சு. மாறாததப் பிடிச்சிக்கிட்டா மாறுனது தன்னால வரும்."

பட்டியலில் பதினேழாவதாக அவர் பெயர் வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பிறகு அக்கா அரசுத் தேர்வில் வென்று இளநிலை உதவியாளர் ஆனார். உப்பு உற்பத்தி ஓராண்டு இருபது சதவீதம் குறைந்து மறு ஆண்டு இருபது சதவீதம் கூடியதால் பழைய நிலைக்குத் திரும்பியது என்று ஒரு கோப்பு அவர் மேசைக்கு வந்ததாம். ஓரத்தில் பென்சிலால், "திரும்பவில்லை. நூறு எண்பதானது, எண்பதில் இருபது சதவீதம் பதினாறுதான். இன்னும் நாலு குறைவு" என்று எழுதியிருக்கிறார். அழிக்கச் சொன்ன அதிகாரியிடம், "ரப்பர் இந்தா இருக்கு சார். கணக்குத் தப்புன்னா நீங்களே அழிச்சிக்கிடுங்க" என்றாராம். அதிகாரி அழிக்கவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, களத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அங்கேயே நின்று அந்தக் கணக்கைக் குழுவில் போட்டேன், திராட்சையை நெத்திலியாக மாற்றி. பேனா எடுக்கக் கூடாது, இருபது விநாடிதான். முதல் பதில் 'அதிர்ஷ்டக்கார அக்கா' என்று எழுதியவரிடமிருந்தே வந்தது: நாற்பது.

"தப்பு" என்று மட்டும் அனுப்பினேன். விடையை அவரே தேடட்டும்.

போய் வாருங்கள், அக்கா. உங்கள் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தையை இனி யாரும் எழுத நான் விடமாட்டேன்.